பெருவிரல் உயரப் பூதம்!
கையால் செய்வதா? எந்திரம் செய்வதா?

தலையில் இரண்டு கொம்பு. வாயில் இரண்டு கோரைப் பல். தோளில் ஒரு கதாயுதம். முதுகு முழுவதும் மீன் செதில் போலச் செதில்.

பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பூதத்தின் உயரம் எவ்வளவு தெரியுமா? உங்கள் பெருவிரல் அளவுதான்!

இதைச் செய்வதற்கு உளி வேண்டாம். சுத்தியல் வேண்டாம். ஒரு துண்டு பட்டி, கொஞ்சம் கம்பி, ஓர் ஊசி, இவை இருந்தால் போதும். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது ஒரு பெரிய தொழில். சுமார் 50 ஆண்டுகளாக நடந்துவருகிறது. இதை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் பல உண்டு.

இந்தத் தொழிலுக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. முதலில் கம்ப்யூட்டர் வந்தது. அடுத்து, வீட்டு மேஜை மேலேயே பொம்மை வார்க்கும் எந்திரம் வந்தது. இப்போது "செயற்கை அறிவு" வந்து வாசலில் நிற்கிறது. "கொம்புள்ள பூதம் ஒன்று செய்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அதுவே உருவத்தை வரைந்து தந்துவிடுகிறது!

அப்படியானால் மனிதன் கைக்கு இனி என்ன வேலை? இந்தக் கேள்வி பூதம் செய்கிறவருக்கு மட்டும் அல்ல. கைத்தொழில் செய்கிற எல்லோருக்கும் உரிய கேள்வி. அதனால்தான் இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

விளையாட்டில் பிறந்த பூதங்கள்

நம் ஊர்க் கோவில் தூண்களில் யாளியைப் பார்த்திருப்பீர்கள். உடல் சிங்கம், முகத்தில் துதிக்கை. உலகத்தில் எங்கும் இல்லாத மிருகம். மேல்நாட்டிலும் இப்படிக் கற்பனை மிருகங்கள் உண்டு. நெருப்புக் கக்கும் பறவைநாகம், மனிதனைத் தின்னும் அரக்கன், குள்ளர், பூதகணம் என்று கதைகளில் நிறைய வரும்.

1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஒரு புதிய விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் பெயர் "டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்".

மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்களில் ஒருவர் வீரன், இன்னொருவர் மந்திரவாதி, மற்றொருவர் திருடன். குகைக்குள் போக வேண்டும். பூதத்தோடு சண்டை போட வேண்டும். யாருக்கு வெற்றி என்பதைப் பகடை சொல்லும்.

பூதம் எங்கே நிற்கிறது, வீரன் எங்கே நிற்கிறான் என்று மேஜை மேல் காட்ட வேண்டாமா? அதற்குக் குட்டிச் சிலைகள் தேவைப்பட்டன.

தொடக்கத்தில் கைகாக்ஸ் என்ன செய்தார் தெரியுமா? கடையில் விற்ற மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கினார். ஹாங்காங்கிலிருந்து வந்த பொம்மைகள் அவை. பழங்கால மிருகம் என்று பெயர். ஆனால் எந்த மிருகத்தைப் போலவும் இல்லை! அந்த விசித்திரப் பொம்மைகளைப் பார்த்தே இரும்பைத் தின்னும் மிருகத்தையும், ஆந்தைத் தலைக் கரடியையும் அவர் கற்பனை செய்தார். இன்றும் அந்த மிருகங்கள் விளையாட்டில் உண்டு.

1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் "கேம்ஸ் ஒர்க்ஷாப்" என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனி பிறகு நாட்டிங்காம் நகருக்குப் போயிற்று. 1983-ல் "வார்ஹாமர்" என்ற போர் விளையாட்டை வெளியிட்டது. ஒவ்வொருவரும் குட்டிச் சிலைகளை வாங்கி, வர்ணம் பூசி, படை திரட்டிச் சண்டை போட வேண்டும். அதுதான் விளையாட்டு.

"பொம்மை விற்று எவ்வளவு சம்பாதிக்க முடியும்?" என்று நினைக்கலாம். 2024 டிசம்பரில் இந்தக் கம்பெனி, லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பெனிகளின் பட்டியலில் இடம் பிடித்தது. 2025 ஜூன் 1-ந் தேதியோடு முடிந்த ஆண்டில் அதன் வருமானம் 60 கோடி பவுனுக்கு மேல். நம் பணத்தில் 6,000 கோடி ரூபாயைத் தாண்டும்!

இவ்வளவு பெரிய மரத்துக்கு விதை என்ன? ஒரு துண்டு பட்டி.

எம்-சீலுக்கு அண்ணன்!

வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் என்ன செய்கிறோம்? கடையில் எம்-சீல் வாங்குகிறோம். உள்ளே இரண்டு துண்டு இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிசைகிறோம். ஓட்டையில் அப்புகிறோம். சிறிது நேரத்தில் கல் மாதிரி இறுகிவிடுகிறது.

பூதம் செய்கிற பட்டியும் அதே ஜாதிதான். இதில் ஒரு பகுதி நீலம்; இன்னொரு பகுதி மஞ்சள். இரண்டையும் பிசைந்தால் பச்சையாகிவிடும். அதனால் சிற்பிகள் இதைப் "பச்சைச் சரக்கு" என்றே அழைக்கிறார்கள்.

இரண்டும் தனியாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. சேர்ந்ததும் ரசாயன மாற்றம் தொடங்கிவிடும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்வரை வளைந்து கொடுக்கும். பிறகு ரப்பர் மாதிரி ஆகும். ஒரு நாள் ஆனால் முழுக்க இறுகிவிடும்.

களிமண்ணைவிட இதில் என்ன விசேஷம்? களிமண் காய்ந்தால் சுருங்கும். மெல்லிய விரலும் கொம்பும் ஒடிந்துவிடும். இந்தப் பட்டி சுருங்குவதில்லை. ஊசி முனையால் கீறினால் அந்தக் கீறல் அப்படியே நிற்கும். அரை மில்லிமீட்டர் அகலப் பல்லைக்கூடச் செய்யலாம்.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் 1975-ல் தொடங்கிய "ரால் பார்த்தா" கம்பெனியின் சிற்பி டாம் மையர். அப்போது அவர் பள்ளிக்கூட வயதுப் பையன்! குட்டிச் சிலைக்கு இந்தப் பச்சைப் பட்டியைப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். அவரைப் பார்த்து மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

பூதம் பிறக்கும் விதம்

முதலில் கம்பியை வளைத்து எலும்புக் கூடு செய்கிறார்கள். கால் எங்கே, கை எங்கே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் இந்தக் கம்பியிலேயே தீர்ந்துவிடும். கம்பி தவறினால் பூதம் தவறும்.

அடுத்தது சதை. கொஞ்சம் பட்டியைக் கம்பியில் அப்பி இறுக விடுகிறார்கள். மறுநாள் அதன் மேல் தசைநார். அது இறுகிய பிறகு தோல். அதற்கும் பிறகு உடை, முடி, நகை. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. மூக்கைத் திருத்தும்போது காதில் விரல் பட்டால், காது நசுங்கிவிடும்! அதனால் பொறுமை வேண்டும்.

கருவி என்ன? பல் வைத்தியர் வைத்திருக்கும் சிறிய எஃகுக் கரண்டி போன்ற ஒன்று. ஓர் ஊசி. ஒரு கூர்மையான கத்தி. பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். கருவியை அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டி கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

பறவைநாகத்துக்குச் செதில் வைப்பதுதான் பெரிய வேலை. கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக உருட்டி, ஒவ்வொன்றாக வைத்து அழுத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? வாலிலிருந்து! கூரைக்கு ஓடு வேய்கிறவர் கீழ் வரிசையில் தொடங்கி மேலே போகிறார் அல்லவா? அதே முறைதான். வாலில் தொடங்கித் தலைக்குப் போனால்தான் ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை சரியாகப் படியும்.

ஒன்று ஆயிரமாகிறது

சிற்பி செய்வது ஒரே ஒரு சிலை. கடைக்குப் போவது ஆயிரக்கணக்கில். இது எப்படி?

இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே அந்த மூலச் சிலையை வைத்துச் சூடாக்கி அழுத்துவார்கள். ரப்பரில் உருவம் பதிந்து அச்சு ஆகிவிடும். அச்சை வேகமாகச் சுழற்றி, நடுவில் உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றுவார்கள். சுழலும் வேகத்தில் உலோகம் ஓடிப்போய் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். ஆறினால் சிலை தயார்.

ரப்பர் அச்சுக்குச் செலவு குறைவு. அதனால் சிறு கம்பெனிகள்கூடத் தொழிலில் இறங்க முடிந்தது. நாட்டிங்காம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கம்பெனிகள் பல தோன்றின. அந்த வட்டாரத்துக்கு "ஈய வட்டாரம்" என்றே வேடிக்கையாகப் பெயர் வைத்துவிட்டார்கள்!

பிளாஸ்டிக் சிலைக்கு எஃகு அச்சு வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இதில் சிற்பி சிலையை மூன்று மடங்கு பெரிதாகச் செய்து கொடுப்பார். ஓர் எந்திரக் கை அதைத் தடவிக்கொண்டே போகும். இன்னொரு கை அதே உருவத்தைச் சிறிதாக எஃகில் குடையும்.

கை போயிற்று, கலை போகவில்லை

இந்தத் தொழிலில் புகழ் பெற்றவர்கள் பெர்ரி சகோதரர்கள். ஆலன், மைக்கேல் என்று பெயர். இரட்டைப் பிள்ளைகள். வார்ஹாமர் சிலைகள் பலவற்றைச் செய்தவர்கள். பிறகு சொந்தமாகவும் கம்பெனி தொடங்கினார்கள்.

பழைய காலத்துப் போர்களை வேடம் போட்டு நடித்துக் காட்டுவது இவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 1996-ல் பிரான்சு நாட்டில் கிரெசி என்ற இடத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. மைக்கேல் பீரங்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பீரங்கி வெடித்துவிட்டது. அவருடைய வலது கை போயிற்று. சிற்பம் செய்கிற கை!

வேறு யாராவது இருந்தால் தொழிலை விட்டிருப்பார்கள். மைக்கேல் விடவில்லை. இடது கையில் கருவியைப் பிடித்தார். முதலிலிருந்து பழகினார். மறுபடியும் சிலைகள் செய்தார். அந்தச் சிலைகளும் உலகம் முழுவதும் விற்பனையாயின.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. கலை விரலில் மட்டும் இல்லை. எதைச் செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் கண்ணிலும் மனதிலும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு எந்திரத்தின் கதைக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் வந்தது

2000-க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாறின. திரையில் ஒரு களிமண் உருண்டை தெரியும். எழுதுகோல் போன்ற ஒரு கருவியால் அதை இழுக்கலாம், அமுக்கலாம், கீறலாம். தவறு செய்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் பழையபடி ஆகிவிடும். பட்டியில் அது முடியுமா?

அடுத்து வந்தது முப்பரிமாண அச்சு எந்திரம். இந்த முறைக்கு அமெரிக்கர் சக் ஹல் 1984-ல் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். திரவமாக இருக்கும் பிசின் மீது ஒளி பட்டால் இறுகும். ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு கனத்துக்குப் படலம் படலமாக இறுகி, உருவம் எழுந்து நிற்கும். வெகு காலம் இது பெரிய தொழிற்சாலைகளில் மட்டும் இருந்தது. 2018-ம் ஆண்டை ஒட்டிச் சில நூறு டாலருக்கே வீட்டுக்கு வாங்கும்படி ஆகிவிட்டது.

இதன் விளைவு என்ன? பட்டியை மட்டுமே நம்பியிருந்த சிற்பிகளுக்கு வேலை சுருங்கியது. கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சிலர் முன்னைவிட நன்றாகவே பிழைக்கிறார்கள். அச்சு வேண்டாம், உலோகம் வேண்டாம், கடை வேண்டாம். உருவத்தின் கணக்கை இன்டர்நெட்டில் விற்றால் போதும். வாங்கியவர் தன் வீட்டிலேயே சிலையை எடுத்துக்கொள்வார். மாதச் சந்தா கட்டி வாங்குகிறவர்கள் உண்டு.

ஆனால் இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. பட்டிச் சிலை ஒன்றுதான் உண்டு. கம்ப்யூட்டர் கணக்கையோ நொடியில் லட்சம் பிரதி எடுக்கலாம். திருடனுக்குப் பூட்டை உடைக்கிற சிரமம்கூட இல்லை!

இருந்தாலும், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதர்தான். பூதத்தின் தோள் எவ்வளவு அகலம் என்று தீர்மானிப்பவர் அவர். பட்டியில் பழகிய கண் அவருக்கு அங்கேயும் கை கொடுக்கிறது. கருவி மாறியது, ஆள் மாறவில்லை.

ஒரு வரி போதும்!

செயற்கை அறிவு அப்படி அல்ல. மனிதர்கள் வரைந்த லட்சக்கணக்கான படங்களையும் உருவங்களையும் அதற்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வரி கேட்டால், கற்றதையெல்லாம் கலந்து புதிதாக ஒன்றைத் தருகிறது. தோளின் அகலத்தைத் தீர்மானிப்பது கேட்டவர் அல்ல. எந்திரம்தான். இங்கே கருவி மட்டும் மாறவில்லை. ஆளே மாறிவிடுகிறார்!

பணச் செலவை மட்டும் பார்க்கிற முதலாளி என்ன செய்வார்? "சம்பளம் மிச்சம்" என்று இதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் நாட்டிங்காமில் நடந்தது வேறு.

2026 ஜனவரியில் கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனியின் தலைவர் கெவின் ரவுன்ட்ரீ ஓர் அறிக்கை வெளியிட்டார். சிலைகளையும் படங்களையும் உருவாக்கும் வேலையில் செயற்கை அறிவைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அதில் தெரிவித்தார். கம்பெனி நடத்தும் போட்டிகளிலும் கூடாது. கலைஞர்களை மேலும் வேலைக்கு எடுத்துவருவதாகவும் அறிவித்தார்.

கம்ப்யூட்டரை வரவேற்ற அதே கம்பெனி, செயற்கை அறிவுக்கு மட்டும் கதவைச் சாத்தியது ஏன்?

பாசமா? கணக்கா?

கலைஞர்கள் மேல் உள்ள பாசம் என்று சொல்லலாம். அது ஓரளவு இருக்கும். ஆனால் கணக்கும் இருக்கிறது.

இந்தக் கம்பெனி விற்பது பிளாஸ்டிக் அல்ல. பிளாஸ்டிக் எங்கும் கிடைக்கும். விற்பது, "இந்தப் பூதம் எங்களுடையது, வேறு எங்கும் கிடைக்காது" என்ற உரிமையை. அந்த உரிமை சட்டத்தில் நிற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? எந்திரம் தானாகவே உண்டாக்கிய ஒரு படத்துக்குப் பதிப்புரிமை கேட்டு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பதிப்புரிமை வேண்டுமானால் அதை ஒரு மனிதர் படைத்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. எந்திரமே செய்தது என்றால் உரிமை இல்லை.

இதன் பொருள் புரிகிறதா? எந்திரம் செய்த பூதத்தை அங்கே யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம். மனிதர் செய்த பூதத்துக்குத்தான் காவல் உண்டு. ஆகவே மனிதர் வாங்கும் சம்பளம் வீண் செலவு அல்ல. அதுவே சொத்துக்கு வேலி!

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சிலைகளை வாங்குகிறவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து, தங்கள் கையால் வர்ணம் பூசுகிறவர்கள். 1987 முதல் இதற்குப் போட்டியே நடக்கிறது. கையால் வேலை செய்வதில் இன்பம் காண்கிறவரிடம், "இதை யாரும் செய்யவில்லை, தானாக வந்தது" என்று சொல்லி விற்க முடியுமா?

நஷ்டம் யாருக்கு?

பெரிய கம்பெனி தன் வேலியைப் போட்டுக்கொண்டது. புகழ் பெற்ற சிற்பிக்குப் பயம் இல்லை. நடுவில் இருப்பவர் கதி என்ன?

பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்வம் இருக்கிறது, கை இன்னும் பழகவில்லை. முன்பெல்லாம் சிறு கம்பெனிகள் அவனுக்குச் சின்ன வேலை கொடுக்கும். ஒரு கேடயம், ஒரு தலைக்கவசம், ஒரு காட்டுப்பன்றி. அதில் தவறு செய்து, திருத்தி, கற்று, அவன் மேலே வருவான். அந்தச் சின்ன வேலைகளைத்தான் எந்திரம் முதலில் விழுங்கும். அவற்றில் யாரும் கலையைத் தேடுவதில்லை அல்லவா?

ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டால், மேல் படிக்கு ஆள் எங்கிருந்து வருவார்? இன்று புகழோடு இருக்கும் சிற்பிகளும் ஒரு காலத்தில் கோணல் மூக்குச் செய்தவர்கள்தான். இந்த அபாயத்துக்குப் பெரிய கம்பெனியின் தடை மட்டும் மருந்து ஆகாது. தொடக்கக்காரர்களுக்கு வேலையும் பயிற்சியும் கொடுக்கிறவர்கள் இருக்க வேண்டும்.

அந்த முதல் படி இன்றும் மலிவாகக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பழைய பட்டி! கம்ப்யூட்டர் வேண்டாம். மின்சாரம் வேண்டாம். ஒரு பொட்டலம் பட்டி போதும். எந்திரச் சிலை வாங்கியவர்கள்கூட, இடுக்கை அடைக்கவும், வாளுக்குப் பதில் கோடாரி வைக்கவும், புதிதாக ஒரு போர்வை போர்த்தவும் பட்டியைத்தான் தேடுகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

செய்யலாம். ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு.

இறுகாத பட்டி சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைத்துப் பிசையக் கூடாது. இறுகியதை அரத்தால் ராவினால் தூசி பறக்கும். மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்.

சின்னக் குழந்தைகளிடம் பட்டியைக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்குக் களிமண் போதும். சப்பாத்தி மாவு இன்னும் நல்லது.

முதல் பூதம் பூதம் மாதிரி இருக்காது. உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்! அதைத் தூக்கி எறிய வேண்டாம். பத்தாவது பூதத்தைச் செய்த பிறகு, முதல் பூதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் நீங்கள் கற்றது எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும்.

எந்திரம் நொடியில் நூறு பூதங்களைத் தரும். ஆனால் கேட்டவருடைய கை, கேட்பதற்கு முன் இருந்த மாதிரியே இருக்கும். பட்டியைப் பிசைந்தவருக்குப் பூதத்தோடு தொழிலும் கைக்கு வரும். எந்திரங்கள் எவ்வளவு வந்தாலும், தொழில் தெரிந்த கையைப் பெற்ற வீடு பயப்பட வேண்டியதில்லை!